டீசல் விலையும் சேரியின் அடுப்பும்

2019 அக்டோபரில் தென்னமெரிக்க நாடான ஈக்வடாரில் டீசல் விலை உயர்வை எதிர்த்து மலைக் கிராமங்களின் பூர்வகுடி மக்கள் நகரங்களை நோக்கிக் கிளம்பினார்கள். அவர்கள் குவாயாகில் துறைமுக நகரத்துக்கும் வந்துவிடுவார்களோ என்ற பேச்சு எழுந்தபோது, அந்நகரின் முன்னாள் மேயர் ஹைமே நெபோட்டிடம் செய்தியாளர்கள் கருத்துக் கேட்டார்கள். மலைமேட்டுப் புல்வெளியிலேயே இருந்துகொள்ளச் சொல்லுங்கள் என்பதுதான் அவர் பதிலின் சாரம்.

இந்தப் பதிலை நமக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. ஊர்த்தெருவில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகச் சொன்னபோதும், திருவிழா அன்று சேரியோடு நில் என்றபோதும் நாம் கேட்டது இதே பதிலைத்தான். பெட்ரோல், டீசல் விலையைப் பற்றி தலித் பகுதியில் என்ன எழுத இருக்கிறது என்று நினைக்கும் வாசகர்கள் இந்த இடத்திலிருந்து நம்மோடு வரலாம். விலை உயர்வு எல்லோரையும் பாதிக்கிறது என்பது உண்மை. அதை எதிர்த்துத் தெருவுக்கு வருபவர்கள் எல்லோரையும் அரசும் ஊரும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை என்பதும் உண்மை.

ஈக்வடாரின் மலைப்பகுதி கிச்வா மக்கள் நூற்றாண்டுகளாகப் பெரும் பண்ணைகளில் கொத்தடிமைகளாகக் கிடந்தவர்கள். பண்ணையார் நிலத்தின் ஓரத்தில் ஒரு துண்டு நிலமும் குடிசையும் தருவார். அதற்கு ஈடாகக் குடும்பமே பண்ணையில் உழைக்க வேண்டும். இந்த முறைக்கு 'வாசிபுங்கோ' என்று பெயர். கிச்வா மொழியில் வாசி என்றால் வீடு, புங்கோ என்றால் வாசல். (நம் 'வாசல்' காதில் ஒலித்தால் அது தற்செயல்தான். தமிழ் படித்தவர்களுக்கு இந்தச் சபலம் போவதில்லை.) தஞ்சைப் பண்ணையாட்களின் மனைக்கட்டு வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. அங்கே அந்த முறை சட்டப்படி ஒழிந்தது 1964-ல். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாக்குரிமை இல்லை என்ற விதி 1970-களின் கடைசி வரை நீடித்தது. யாரை விலக்க அந்த விதி என்பதை விளக்கத் தேவையில்லை.

இந்த மக்கள் 1986-ல் பல பூர்வகுடிச் சமூகங்களையும் இணைத்து 'கொனாயே' என்ற கூட்டமைப்பை உருவாக்கினார்கள். 1990 ஜூனில் சாலைகளை மறித்து நாட்டையே நிறுத்தினார்கள். 2000 ஜனவரியில் அதிபர் ஹமில் மவாத் பதவி இழந்த எழுச்சியில் முன்னணியில் நின்றார்கள். இத்தனைக்கும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம்மைப் பூர்வகுடி என்று பதிந்துகொள்பவர்கள் 100-க்கு ஏழெட்டுப் பேர்தான். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 2011 கணக்குப்படி 100-க்கு 20 பேர். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நமக்கு உறக்கம் வருவதில்லை.

2019-ல் நடந்ததைப் பார்ப்போம். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் அதிபர் லெனின் மொரேனோ சர்வதேச நாணய நிதியத்திடம் 420 கோடி டாலர் கடனுக்கு ஒப்பந்தம் செய்திருந்தார். அக்டோபர் 1 அன்று, சுமார் நாற்பது ஆண்டுகளாக இருந்துவந்த எரிபொருள் மானியத்தை நீக்குவதாக அறிவித்தார். 883-ஆம் எண் ஆணை. ஒரு கேலன், அதாவது சுமார் 3.8 லிட்டர், டீசல் 1.03 டாலராக இருந்தது. ஒரே இரவில் அது இரு மடங்குக்கும் மேல் போனது. கூடவே தற்காலிக அரசு ஊழியர்களின் ஊதியத்தைக் குறைக்கவும் விடுமுறையைப் பாதியாக்கவும் திட்டம் இருந்தது.

முதலில் வேலைநிறுத்தம் அறிவித்தவர்கள் பேருந்து, லாரி, டாக்ஸி சங்கத்தினர். நாடு நின்றது. அவசரநிலை பிரகடனம் ஆனது. இரண்டே நாளில் அவர்கள் வேலைநிறுத்தத்தை முடித்துக்கொண்டார்கள். கட்டணத்தை உயர்த்த வழி கிடைத்துவிட்டால் வண்டி உரிமையாளருக்கு டீசல் விலை ஒரு பிரச்சினையே அல்ல. ஏறிய விலையை அவர் அடுத்தவர் தலையில் இறக்கிவிடலாம். அந்த அடுத்தவருக்கு இறக்கிவைக்க யாரும் இல்லை. மலைச்சரிவில் உருளைக்கிழங்கு விளைவித்து மூட்டையை வாடகை வண்டியில் சந்தைக்கு அனுப்பும் குடும்பம் அது. வண்டி வாடகை ஏறினால் கிழங்கின் விலை ஏறாது. சந்தைக்காரன் சொல்வதுதான் விலை.

நம் பக்கத்தில் இதே கணக்கு குட்டியானையில் ஓடுகிறது. விடியற்காலை ஐந்து மணிக்குச் சேரி முனையில் வந்து நிற்கும் வண்டியில் இருபது, இருபத்தைந்து பெண்கள் நெருக்கியடித்து ஏறி நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறார்கள். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து இருக்கிறதே என்று கேட்கலாம். அந்த நேரத்துக்கு அந்த வயலுக்குப் போகிற பேருந்து எது? டீசல் விலை ஏறினால் வண்டிக்காரர் மேஸ்திரியிடம் கேட்பார். மேஸ்திரி கூலியில் பிடித்துக்கொள்வார். பெட்ரோல் பங்க் பக்கமே போகாத பெண்தான் கடைசியில் டீசலுக்குக் காசு கொடுக்கிறாள்.

வாகனச் சங்கங்கள் விலகிய இடத்தில்தான் கொனாயே தலைமையை எடுத்தது. மத்திய மலைத்தொடரின் கோட்டோபாக்சி முதலான மாகாணங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் லாரிகளிலும் நடந்தும் தலைநகர் கீட்டோவுக்கு வந்தார்கள். அக்டோபர் 7 அன்று மொரேனோ அரசின் இருக்கையையே குவாயாகிலுக்கு மாற்றிக்கொண்டார்.

செய்திகளில் கல்லெறியும் கண்ணீர்ப்புகையும்தான் அதிகம் வந்தன. நாம் கவனிக்க வேண்டியது அடுப்பு. வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. கம்யூன் எனப்படும் தங்கள் கிராம அமைப்பு வழியாக, யார் போவது, யார் ஊரில் தங்கி மாடு கன்றைப் பார்ப்பது, எத்தனை மூட்டை கிழங்கு அனுப்புவது என்று முடிவுசெய்து வந்தார்கள். கீட்டோவின் பல்கலைக்கழகங்கள் கதவைத் திறந்து தங்க இடம் கொடுத்தன. நகரத்து மக்கள் அரிசியும் போர்வையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். மருத்துவ மாணவர்கள் காயத்துக்குக் கட்டுப்போட்டார்கள். பெரிய பாத்திரங்களில் சமையல் நடந்தது. குழந்தைகளோடு பெண்கள் தங்கியிருந்த அந்த வளாகங்களுக்குள்ளும் காவல் துறை கண்ணீர்ப்புகைக் குண்டு வீசியது. பிறகு உள்துறை அமைச்சர் அதற்கு வருத்தம் தெரிவிக்க வேண்டிவந்தது.

இந்தக் கூட்டுழைப்புக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் 'மிங்கா'. ஊர்ப் பொது வேலையை எல்லோரும் சேர்ந்து செய்வது. நம் குடிமராமத்து நினைவுக்கு வரும். ஆனால் குடிமராமத்தில் மண் சுமந்தது யார், நின்று மேற்பார்த்தது யார் என்பதும் நினைவுக்கு வரும். அங்கேயும் பண்ணையார்கள் மிங்காவின் பெயரைச் சொல்லி இலவச உழைப்பைக் கறந்திருக்கிறார்கள். ஹோர்ஹே இகாசா 1934-ல் எழுதிய 'வாசிபுங்கோ' நாவலில் சாலை போடுவது அப்படியொரு மிங்காவால்தான். தங்களைச் சுரண்டப் பயன்பட்ட அதே வழக்கத்தை அந்த மக்கள் தங்கள் போராட்டத்துக்குக் கருவியாக்கிக்கொண்டார்கள். பறையை நாம் எடுத்துக்கொண்ட கதைக்கு இது தூரத்து உறவு.

எல்லாமே போற்றத்தக்கதாக நடந்தது என்று எழுதினால் பொய்யாகும். தலைமைத் தணிக்கை அலுவலகக் கட்டடம் எரிந்தது. பிடித்துவைத்த காவலர்களைக் கூட்டத்தின் முன் நிறுத்தினார்கள். தீ வைத்தது நாங்கள் அல்ல என்று கொனாயே மறுத்தது. இருந்தும் அந்தக் கட்டடத்தின் படம் இன்றுவரை அவர்கள் மீது எறியப்படுகிறது. அந்த நாட்களில் குறைந்தது எட்டுப் பேர் உயிரிழந்தார்கள். ஆயிரத்துக்கும் அதிகமானோர் காயமடைந்தார்கள், ஆயிரத்துக்கும் அதிகமானோர் கைதானார்கள். கண்ணை இழந்தவர்களும் உண்டு. கோட்டோபாக்சியைச் சேர்ந்த பூர்வகுடித் தலைவர் ஒருவரும் இறந்தவர்களில் அடக்கம்.

அக்டோபர் 13 மாலை பேச்சுவார்த்தை. ஐக்கிய நாடுகள் அமைப்பும் கத்தோலிக்க ஆயர் பேரவையும் நடுவர்கள். மூடிய அறையில் பேசமாட்டோம், தொலைக்காட்சியில் நேரலையாகப் பேசுவோம் என்பது கொனாயேவின் நிபந்தனை. அதை அரசு ஏற்க வேண்டியிருந்தது. அதிபர் ஒரு பக்கம் உட்கார, எதிரே கொனாயே தலைவர் ஹைமே வர்காஸ், கோட்டோபாக்சியின் லியோனிடாஸ் ஈசா, அமேசான் காட்டிலிருந்து வந்த பெண் தலைவர் முதலானோர். டீசல் ஏறினால் சிறு விவசாயியின் நாள் எப்படி மாறும் என்று நாடே பார்க்கப் பேசினார்கள். அன்றிரவு அரசு இறங்கிவந்தது. மறுநாள் 883-ஆம் ஆணை ரத்து.

இந்த நேரலையைப் பற்றி நம் இயக்கத் தோழர்களிடம் எத்தனை முறை சொன்னாலும் தகும். நம் போராட்டங்கள் பெரும்பாலும் தாலுகா அலுவலகத்தின் உள்ளறையில்தான் முடிகின்றன. உள்ளே போனவர் என்ன பேசினார், என்ன கேட்டார், எதை விட்டுக்கொடுத்தார் என்பது வெளியே வெயிலில் நிற்பவருக்குத் தெரியாது. வெளியே வந்து, நல்ல முடிவு சொல்லியிருக்கிறார்கள் என்பார். கலைந்துபோவோம். பிறகு அவர் மீது சந்தேகம். சந்தேகத்திலிருந்து பிளவு. அந்தத் தலைவர் விலைபோயிருக்க வேண்டும் என்பதில்லை. நேர்மையாகவே பேசியிருக்கலாம். அதை அவர் யாருக்கும் நிரூபிக்க முடியாது.

வெற்றிக் கதை இந்த இடத்தில் முடிந்திருந்தால் எழுதுவதற்கு இத்தனை யோசித்திருக்க மாட்டோம். 2020 மே மாதம், கொரோனா ஊரடங்கில் மக்கள் வீட்டுக்குள் அடைந்திருந்தபோது, மொரேனோ அரசு வேறொரு ஆணையைக் கொண்டுவந்தது. இம்முறை ஒரே அடியாக இல்லை. மாதத்துக்கு அதிகபட்சம் 5 சதவீதம் ஏறலாம் என்ற முறை. யாரும் தெருவுக்கு வரவில்லை, வரவும் முடியாது. அடுத்து வந்த கில்லெர்மோ லாசோ 2021 அக்டோபரில் விலையை நிறுத்திவைத்தபோது டீசல் 1.90 டாலர். தினமும் சில காசுகளாக ஏறுகிற முறையை 2017 ஜூனிலிருந்து அனுபவிக்கும் நமக்கு இதில் வியப்பில்லை. பெரிய ஏற்றத்துக்குக் கூட்டம் கூடும். இருபது காசு, முப்பது காசுக்குக் கூடாது. ஆளுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

2022 ஜூனில் இரண்டாவது எழுச்சி. இப்போது ஈசா கொனாயேவின் தலைவர். எரிபொருள் விலையோடு சிறு விவசாயிகளின் கடன், விளைபொருளுக்கு நியாய விலை, சுரங்கத் தடை, கல்வி, மருத்துவ நிதி என்று பத்துக் கோரிக்கைகள். இரண்டாம் நாளே ஈசாவைக் கைதுசெய்தார்கள். கூட்டம் பெருகியதே தவிரக் குறையவில்லை. 18 நாள் நடந்தது. முடிவில் கேலனுக்கு 15 சென்ட் குறைப்பு, சுரங்க, எண்ணெய் ஆணைகளில் சில பின்வாங்கல்கள், 90 நாள் பேச்சுவார்த்தை. இதைப் பாதி வெற்றி என்று சொல்லலாம்.

2025 செப்டம்பரில் அதிபர் டேனியல் நொபோவா டீசல் மானியத்தை நீக்கினார். 1.80 டாலர் 2.80 ஆனது. கொனாயே மீண்டும் வேலைநிறுத்தம் அறிவித்தது. இம்முறை அரசு பாடம் படித்துவந்திருந்தது. பேருந்து உரிமையாளர்களுக்கு முன்கூட்டியே இழப்பீடு அறிவித்துவிட்டது. ஆகவே அவர்கள் முதல் நாள்கூட நிறுத்தவில்லை. ஏழைக் குடும்பங்களுக்கும் சிறு விவசாயிகளுக்கும் உதவித்தொகைகள் அறிவித்தது. பூர்வகுடிப் பகுதியான கோட்டோபாக்சியின் லாட்டாகுங்கா நகருக்கே அதிபர் தன் இருக்கையை மாற்றினார். 2019-ல் ஓடியவர்கள் இப்போது எதிரி வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். இயக்கத்தவரின் வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன. எதிர்ப்பு வடக்கே இம்பாபுரா மாகாணத்தில் தனித்து நின்றது. அங்கே பூர்வகுடியினர் உயிரிழந்தார்கள். ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 22 அன்று, கோரிக்கை எதுவும் நிறைவேறாமலே கொனாயே போராட்டத்தை நிறுத்தியது. களத்தில் நின்ற இம்பாபுரா மக்களில் பலருக்கு அந்த முடிவில் கோபம்.

ஆக, 2019-ல் உயிர் கொடுத்துத் தடுத்த விலையை ஆறே ஆண்டில் அரசு தாண்டிவிட்டது. அப்படியானால் 2019 வீணா? நாம் அப்படி நினைக்கவில்லை. ஆனால் அதே ஆயுதத்தை மூன்றாவது முறை எடுத்தபோது எதிராளியின் கையில் கேடயம் தயாராக இருந்தது என்பதைப் பார்க்காமல் இருக்க முடியாது. இயக்கத்துக்குள்ளும் விரிசல் இருந்தது. 2025 அதிபர் தேர்தலில் யாரை ஆதரிப்பது என்பதில் அமேசான் பகுதிக்கும் மலைப்பகுதிக்கும் ஒத்துவரவில்லை. ஜூலையில் தலைமை மாறியது. செப்டம்பரில் விலை ஏறியது. அரசு நாள் பார்த்துத்தான் அடித்தது என்றே நமக்குத் தோன்றுகிறது.

இந்த விரிசல் புதிதல்ல. 2003-ல் கொனாயேவின் அரசியல் கரமான பச்சாகூட்டிக் கட்சி லூசியோ குட்டியெர்ரெஸ் அரசில் அமைச்சர் பதவிகளைப் பெற்றது. ஒரு பூர்வகுடிப் பெண் வெளியுறவு அமைச்சரானார். அந்த அரசோ நாணய நிதியத்தின் வழியில் போனது. சில மாதங்களில் கட்சி வெளியேறியது. போன மதிப்பு திரும்பிவரப் பல ஆண்டுகள் பிடித்தன. கூட்டணிக் கணக்கில் தொகுதிகளை எண்ணும் நம் தலைவர்களுக்கு இதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அனுபவம் அவர்களுக்கே உண்டு.

தெருவில் கிடைக்காதது வாக்குச்சாவடியில் ஓரளவு கிடைத்தது. போராட்டம் நின்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. நவம்பர் 16 அன்று புதிய அரசியலமைப்புச் சபை, அந்நிய ராணுவத் தளம் உள்பட நான்கு கேள்விகளை வைத்து நொபோவா பொது வாக்கெடுப்பு நடத்தினார். நான்கிலும் தோற்றார். டீசல் விலை மட்டும் இறங்கவில்லை.

ஒரு முரண்பாட்டையும் மறைக்க வேண்டாம். எண்ணெய் எடுப்பதால் முதலில் அழிவது அமேசான் பூர்வகுடிகளின் காடுதான். எண்ணெய் எடுக்காதே என்பவர்களே எண்ணெயை மலிவாகக் கொடு என்றும் கேட்கிறார்களே என்று நகரத்துப் படித்தவர்கள் கேலி செய்தார்கள். கேள்வி நியாயமானது. மானியத்தில் பெரும்பங்கு கார் வைத்திருப்பவர்களுக்கும் பெருநிறுவனங்களுக்கும் போகிறது, எல்லை தாண்டிக் கடத்தப்படுகிறது என்று அரசு சொல்வதிலும் உண்மை உண்டு. யாருக்கு மானியம் தேவை என்று பிரித்துக் கொடுப்பதைப் பற்றி 2022 பேச்சுவார்த்தையில் விவாதித்தார்கள். உடன்பாடு வரவில்லை. ஆனால் 2023 ஆகஸ்டில் யாசுனி காட்டில் ஒரு பகுதி எண்ணெயை மண்ணுக்குள்ளேயே விட வேண்டும் என்று 100-க்கு 59 பேர் வாக்களித்தார்கள். காட்டையும் காப்பாற்ற வேண்டும், அதன் செலவை மலைவிவசாயியிடம் வசூலிக்கவும் கூடாது என்பதுதான் அவர்கள் கேட்பது. பசுமை பேசுகிறவர்கள் இதற்கு இன்னும் சரியான விடை சொல்லவில்லை.

நம் பக்கம் வருவோம். விலை ஏறும்போதெல்லாம் இங்கே கட்சிகள் ஆர்ப்பாட்டம் நடத்துகின்றன. மோட்டார் சைக்கிளைக் கயிறு கட்டி இழுப்பார்கள். சிலிண்டருக்கு மாலை போடுவார்கள். மாட்டுவண்டியில் மாவட்டச் செயலாளர் ஏறி நிற்பார். படம் எடுத்ததும் கூட்டம் கலையும். அந்தக் கூட்டத்தை நிரப்ப வேன் எந்தத் தெருவுக்கு முதலில் வருகிறது என்பதை நாம் அறிவோம். மறியல் என்று தள்ளுமுள்ளு ஆனால் வழக்கில் யார் பெயர் முதலில் ஏறுகிறது என்பதையும் அறிவோம்.

அங்கே 18 நாள், 31 நாள் தாங்க முடிந்ததற்குக் காரணம் வீரம் மட்டுமல்ல. வீரத்தில் நாம் குறைந்தவர்கள் அல்ல. அவர்களுக்குச் சிறிதளவாவது நிலம் இருக்கிறது. கிழங்கு மூட்டை தங்கள் சொந்த நிலத்திலிருந்து வருகிறது. நம் தெருவில் ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் மறுநாள் அடுப்பு எரியாது. திரமென்ஹீர் அறிக்கையைத் தொடர்ந்து 1892-ல் ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலம் பல லட்சம் ஏக்கர் என்கிறோம். அது யார் கையில் இருக்கிறது என்று கேட்டதற்காக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். காரணை நிலப் போராட்டத்தையும் டீசல் விலைப் போராட்டத்தையும் நாம் தனித்தனியாகவே பார்த்துப் பழகிவிட்டோம். நிலமில்லாதவரால் நீண்ட போராட்டம் நடத்த முடியாது என்ற ஒரே கயிற்றில்தான் இரண்டும் கட்டப்பட்டிருக்கின்றன.

வழக்கு விஷயத்தில் அவர்கள் செய்ததும் நாம் செய்யாததும் இன்னும் வெளிப்படை. 2019 போராட்டக்காரர்களும் நீர், நிலம் காக்கப் போராடியவர்களுமாக 268 பேருக்கு 2022 மார்ச்சில் ஈக்வடார் நாடாளுமன்றம் பொதுமன்னிப்பு வழங்கியது. இரண்டரை ஆண்டு விடாமல் கேட்டு வாங்கியது அது. இங்கே 2018 ஏப்ரல் 2 அன்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் நீர்க்கச்செய்ததை எதிர்த்து நாடு தழுவிய முழு அடைப்பு நடந்தது. வட மாநிலங்களில் உயிர்கள் போயின. ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டத்தை மீட்டது. அந்த வெற்றி எல்லோருடையதும் ஆனது. வழக்கு அன்று கைதான இளைஞனுடையது மட்டும். ஒரு முதல் தகவல் அறிக்கை இருந்தால் காவலர் தேர்வில் சரிபார்ப்போடு கனவு முடிகிறது. கடவுச்சீட்டு இழுபடுகிறது. நம் குடும்பங்களில் முதல் பட்டதாரிக்கு இது என்ன விலை என்று தெரிந்துதான் பெற்றோர்கள் பிள்ளையை வாசலைத் தாண்ட விடுவதில்லை. போராட்டம் முடிகிற அன்றே வழக்குகளைத் திரும்பப்பெறும் கோரிக்கையை எழுத்தில் வாங்காத எந்தத் தலைமையையும் இனி நாம் கேள்வி கேட்டாக வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்ட தோழர்களோடு ஒரு சிறிய வேலையை ஆரம்பித்திருக்கிறோம். மூன்று குடியிருப்புகளில் வேலைக்குப் போகும் பெண்களிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தோம். தேதி, வண்டிக்காரர் கேட்டது, மேஸ்திரி பிடித்தது, கைக்கு வந்தது என்று நான்கு பத்திகள். டீசலால் நம் கூலியில் எவ்வளவு போகிறது என்று எந்த அதிகாரியின் முன்னால் உட்கார்ந்தாலும் கணக்கோடு சொல்ல வேண்டும் அல்லவா. முதல் வாரம் நோட்டை வாங்கிப் பார்த்தபோது ஓர் அம்மா கேட்டார்: "மழை வந்து பாதி வழியில திருப்பி அனுப்புறாங்களே, அன்னைக்கு வேலையும் இல்ல, கூலியும் இல்ல. வண்டிக்காச மட்டும் அடுத்த நாள் கூலியில பிடிச்சுக்கிறாங்க. அத எங்க எழுதுறது?"

ஐந்தாவதாக ஒரு பத்தி போட்டிருக்கிறோம்.